நூறாவது நாளும் ஒரு ரோமாபுரிக்காரரும்

வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் நம்மவர்கள் ஆபீஸ் கேண்டீனில் போடுகிற சண்டைகளில் சினிமாச் சண்டைக்குத் தனி இடம் உண்டு. அதில் அடிக்கடி வருவது ‘100 டேஸ்’ சண்டை. 1991-ல் வந்த ஹிந்திப் படம். மாதுரி தீட்சித், ஜாக்கி ஷெராஃப். வடக்கத்தி நண்பர் அதைப் பற்றிப் புல்லரித்துப் பேசுவார். நாம் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “ஹலோ, இதை எங்க மணிவண்ணன் 1984-லேயே எடுத்துட்டார். பேரு ‘நூறாவது நாள்’. விஜயகாந்த், மோகன், நளினி. மொட்டைத் தலையோட வர்ற சத்யராஜைப் பார்த்தா அன்னிக்கு ராத்திரி தூங்க மாட்டீங்க” என்று மார்தட்டுவோம்.

தட்டலாம், தப்பில்லை. ஆனால் ரொம்ப ஓங்கித் தட்ட வேண்டாம். ஏனென்றால் அந்தக் கதையின் கட்டுமானம் இத்தாலியிலிருந்து வந்தது. 1977-ல் வெளியான ‘செத்தே நோத்தே இன் நேரோ’ என்ற படம். ‘கறுப்பில் ஏழு ஸ்வரங்கள்’ என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் ‘தி சைக்கிக்’ என்ற பெயரில் ஓடியது. ஒரு பெண்ணுக்குக் கண்முன் துண்டு துண்டாகக் காட்சிகள் தோன்றுகின்றன. உடைந்த கண்ணாடி, சிவப்பு விளக்கு, சுவருக்குள் வைத்துப் பூசப்படும் ஓர் உடல். அவள் சுவரை இடிக்கிறாள், எலும்புக்கூடு கிடைக்கிறது. மீதி உங்களுக்கே தெரியும்.

இதை எடுத்தவர் லூச்சியோ ஃபுல்ச்சி. இன்றைக்கு அவரைப் பற்றி மேற்கே கேட்டால் ஒரே பதில்தான் வரும். ரத்தக்களறிப் படங்களின் பிதாமகர், ஜாம்பி டைரக்டர், கண்ணைக் குத்துகிற ஆசாமி. அவ்வளவுதான், கணக்கை மூடிவிடுவார்கள்.

நான் வங்கிக்காரன். ஒருவருடைய கணக்கை முடிவு இருப்பை மட்டும் பார்த்து எடைபோடக் கூடாது, பின்னோக்கிப் போய் வரவு செலவு முழுக்கப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். ஃபுல்ச்சியின் கணக்கை அப்படிப் பார்த்தால் வேறு ஒரு மனிதர் தெரிகிறார். அவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அவர் வழியாக, ஊர் ஊராக மாற்றலாகிப் போய்க்கொண்டிருக்கும் நம்மைப் பற்றியும் கொஞ்சம்.

* * *

1927-ல் ரோமில் பிறந்தவர். முதலில் படித்தது மருத்துவம். அதை விட்டுவிட்டு ரோமிலிருந்த அரசுத் திரைப்படப் பள்ளியில் சேர்ந்தார். பிறகு ஸ்தேனோ என்ற நகைச்சுவைப் பட இயக்குநரிடம் உதவியாளர். இத்தாலியின் தலைசிறந்த நகைச்சுவை நடிகரான தொத்தோ நடித்த படங்களில் வேலை பார்த்தார். 1954-ல் வந்த ‘ரோமில் ஓர் அமெரிக்கன்’ என்ற பிரபலமான நகைச்சுவைப் படத்தின் திரைக்கதையாளர்களில் ஒருவர். 1959-ல் தனியாக இயக்கிய முதல் படம் ‘திருடர்கள்’. அதிலும் தொத்தோதான்.

அடுத்து என்ன எடுத்தார்? பேயா? இல்லை, பாட்டு. அப்போது இத்தாலிய இளைஞர்களிடையே ராக் அண்ட் ரோல் ஜுரம். பாடகர்களையே நடிகர்களாக்கி, நாலு பாட்டு, ஒரு காதல், ஒரு கோபக்கார அப்பா என்று படங்கள் வந்தன. ஃபுல்ச்சியும் எடுத்தார். அத்ரியானோ செலெந்தானோ, மீனா போன்றவர்கள் அவர் படங்களில் பாடினார்கள். அதோடு நிற்கவில்லை. 1961-ல் சான் ரேமோ பாட்டுப் போட்டியில் செலெந்தானோ பாடி இரண்டாம் பரிசு வாங்கிய ‘24,000 முத்தங்கள்’ பாட்டை எழுதியவர்களில் இவரும் ஒருவர். இத்தாலியில் இன்றும் கல்யாண வீடுகளில் ஓடக்கூடிய பாட்டு. ஜாம்பி டைரக்டர் எழுதியது!

1960-களில் அவருக்குச் சோறு போட்டது ஃபிராங்கோ, சிச்சோ என்ற நகைச்சுவை ஜோடி. நம் கவுண்டமணி செந்தில் மாதிரி, ஒருவர் ஆடுவார், ஒருவர் முறைப்பார். அந்த ஜோடியை வைத்து மட்டும் பத்துப் படங்களுக்கு மேல் எடுத்தார். 1966-ல் வந்த ஒன்றின் தலைப்பு, ‘இத்தாலிய மத்திய வங்கியை நாங்கள் கொள்ளையடித்தது எப்படி?’. தொழில் முறையில் எனக்குப் பிடித்த தலைப்பு. ஹிஹி.

அதே 1966-ல் ஃபிராங்கோ நீரோவை வைத்து ஒரு கௌபாய் படம். 1969-ல் ‘பெயாத்ரீச்சே சென்ச்சி’, கொடுமைக்காரத் தகப்பனைக் கொன்றதற்காக 1599-ல் ரோமில் தலை வெட்டப்பட்ட ஒரு பிரபுகுலப் பெண்ணின் சரித்திரக் கதை. அதே ஆண்டு ஒரு மர்மப் படம். 1971-லும் 1972-லும் இரண்டு பெரிய மர்மப் படங்கள். 1973-ல் ஜாக் லண்டன் நாவலை வைத்து ‘வெள்ளைப் பல்’, குழந்தை குட்டியோடு போய்ப் பார்க்கிற நாய்ப் படம். அது ஓடியதால் 1974-ல் அதன் இரண்டாம் பாகம். 1975-ல் டிராகுலாவைக் கிண்டல் செய்து ஒரு நகைச்சுவை, இன்னொரு கௌபாய் படம். 1977-ல் நம்ம ‘நூறாவது நாள்’ கதை. 1980-ல் நேப்பிள்ஸ் சிகரெட் கடத்தல்காரர்கள் பற்றி ஒரு படம்.

ஜாம்பி படம் வந்தது 1979-ல். அப்போது அவருக்கு வயது 52. இயக்குநராகி இருபது வருடம் ஆகிவிட்டது. அந்த இருபது வருடக் கணக்கைத்தான் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

* * *

“ஏங்க, ஒரே ஆள் இப்படி எல்லாத்தையும் எடுத்தா கொள்கையே இல்லாத ஆள்னுதானே அர்த்தம்?” என்று கேட்பீர்கள். இதற்குப் பதில் சொல்ல, படங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். இது என் ஏரியா, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

இத்தாலியத் தயாரிப்பாளர்களில் பலர் கையில் காசில்லாதவர்கள். படத்தின் பெயர், போஸ்டர், நடிகர் பெயர் இவற்றைக் காட்டி வட்டார விநியோகஸ்தர்களிடம் போவார்கள். விநியோகஸ்தர் ‘குறைந்தபட்ச உத்தரவாதம்’ என்று ஒரு தொகை ஒப்புக்கொள்வார். நம் கோடம்பாக்கத்தில் ‘எம்.ஜி.’ என்று சொல்வார்களே, மினிமம் கியாரண்டி, அதேதான். பெயர்கூட அதேதான். ஆனால் ரொக்கமாகத் தரமாட்டார், பிராமிசரி நோட்டு எழுதித் தருவார். தயாரிப்பாளர் அதை வங்கியில் கொடுத்து, வட்டியைக் கழித்துக்கொண்டு மீதியை வாங்கிப் படம் எடுப்பார். பி.காம். இரண்டாம் வருடத்தில் நாம் படித்த பில் டிஸ்கவுண்டிங். இத்தாலியில் பாங்கா நாசியோனாலே தெல் லவோரோ என்ற வங்கியில் 1935-லிருந்தே சினிமாக் கடனுக்கென்று தனிப் பிரிவு இருந்தது.

இப்போது யோசியுங்கள். விநியோகஸ்தர் எதற்கு நோட்டு எழுதுவார்? போன வருடம் எது ஓடியதோ அதற்கு. 1958-ல் ‘ஹெர்குலிஸ்’ ஓடியது, உடனே நாடு முழுக்கப் பயில்வான் படங்கள். 1964-ல் செர்ஜியோ லியோனே கௌபாய் படம் எடுத்து ஜெயித்தார், நூற்றுக்கணக்கில் கௌபாய் படங்கள். 1970-ல் தாரியோ அர்ஜெந்தோ ஒரு மர்மப் படம் எடுத்தார், ஊரெல்லாம் கறுப்புக் கையுறை போட்ட கொலைகாரர்கள். இந்த ஓட்டங்களுக்கு இத்தாலியர்கள் வைத்த பெயர் ‘ஃபிலோனே’. சுரங்கத்தில் ஓடும் தாதுக் கோட்டுக்குச் சொல்கிற வார்த்தை. தாது இருக்கும்வரை தோண்டுவார்கள், தீர்ந்ததும் அடுத்த சுரங்கம்.

இந்த ஏற்பாட்டில் ஓர் இயக்குநர், “நான் நகைச்சுவை மட்டும்தான் எடுப்பேன்” என்று உட்கார்ந்தால் வீட்டில் உலை கொதிக்காது. ஃபெல்லினி, அந்தோனியோனி போன்ற ஒரு சிலருக்குத்தான் அந்தச் சலுகை. மற்றவர்களுக்கு டிரான்ஸ்பர் ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். போன வருடம் காமெடி கிளை, இந்த வருடம் கௌபாய் கிளை. போக மாட்டேன் என்றால் ராஜினாமாதான்.

ஆகவே, ‘ஏன் மாறினார்?’ என்ற கேள்வியில் பெரிய விஷயம் இல்லை. மாறச் சொன்னார்கள், மாறினார். கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு வீட்டைக் காலி செய்து இன்னொரு வீட்டுக்குப் போகும்போது எதை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்?

* * *

மூன்று சாமான்கள் எனக்குத் தெரிகின்றன.

முதலாவது, நேரக்கணக்கு. சிரிப்புக் காட்சியும் பயக் காட்சியும் ஒரே தராசில் நிற்கிறவை. கதவு எப்போது திறக்க வேண்டும், ஆள் எப்போது திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதில் ஒரு விநாடி தப்பினால் சிரிப்பும் வராது, பயமும் வராது. பதினைந்து வருடம் தொத்தோவையும் ஃபிராங்கோ சிச்சோவையும் பார்த்துப் பழகிய கைக்கு அது தானாக வரும். ‘செத்தே நோத்தே’ படத்தில் பாதிக்கு மேல் ரத்தமே கிடையாது. ஒரு பெண் அறைக்குள் நடந்து வருகிறாள், சாமான்களைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். அவள் கண்ணில் பட்டவை ஒவ்வொன்றாக, சரியான விநாடியில், அவற்றுக்குரிய இடத்தில் வந்து உட்காருகின்றன. காமெடியில் முதலில் காட்டிய வாழைப்பழத் தோல் கடைசியில் வழுக்குமே, அதே கணக்கு.

இரண்டாவது, காது. அந்தப் படத்தின் தலைப்பில் உள்ள ஏழு ஸ்வரங்கள் ஒரு கைக்கடிகாரத்திலிருந்து வருகின்றன. முழுக் கதையின் முடிச்சும் அந்தச் சின்ன இசையில் இருக்கிறது. பாட்டு எழுதிய ஆளுக்குத்தான் ஒரு கொலைக்கதையை மெட்டில் கொண்டுபோய் நிறுத்தத் தோன்றும். அந்த இசையைத்தான் க்வென்டின் டாரன்டினோ 2003-ல் ‘கில் பில்’ முதல் பாகத்தில் எடுத்துப் பயன்படுத்தினார்.

1972-ல் எடுத்த படத்திலும் இதைப் பார்க்கலாம். தென் இத்தாலியில் ஒரு குக்கிராமம், சிறுவர்கள் கொல்லப்படுகிறார்கள். சூனியக்காரி என்று ஊரார் சந்தேகப்படும் ஒரு பெண்ணைச் சில ஆண்கள் சங்கிலியால் அடிக்கிறார்கள். பக்கத்தில் ரேடியோவில் ஓர் இனிமையான காதல் பாட்டு. அடி நிற்கவில்லை, பாட்டும் நிற்கவில்லை. அவள் தவழ்ந்து தவழ்ந்து மேலே நெடுஞ்சாலை ஓரத்துக்கு வந்து சேர்கிறாள். விடுமுறைக்குப் போகும் குடும்பங்களின் கார்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போகின்றன. ஒன்றும் நிற்கவில்லை. இந்தக் காட்சியில் பேய் இல்லை, பிசாசு இல்லை. புதிதாகப் போட்ட சாலை மேலே ஓடுகிறது, கிராமம் கீழே கிடக்கிறது. சமூகப் படம் எடுக்கிறேன் என்று பேனர் கட்டி எடுத்தவர்களில் பலர் எட்டாத இடம் இது. ஒரு மர்மப் படத்தின் நடுவில் சத்தமில்லாமல் செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

மூன்றாவது, மருத்துவம் படித்த கண். உடம்பை உடம்பாகப் பார்க்கிற அந்தக் குளிர்ந்த பார்வை. 1971-ல் எடுத்த மர்மப் படத்தில் வயிறு கிழிக்கப்பட்ட நாய்கள் உயிரோடு துடிப்பது போல ஒரு காட்சி. நிஜ நாய்களைச் சித்திரவதை செய்துவிட்டார்கள் என்று வழக்கே போட்டுவிட்டார்கள். அவற்றைச் செய்தவர் கார்லோ ராம்பால்டி என்ற கைவினைஞர். பொம்மைகளை நீதிமன்றத்துக்கு எடுத்துப் போய்க் காட்டித்தான் தப்பித்தார்கள். அதே ராம்பால்டிதான் பிறகு ஸ்பீல்பெர்க்கின் ‘ஈ.டி.’ பொம்மையைச் செய்து ஆஸ்கார் வாங்கினார். அவரும் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டு போனவர்தான்.

* * *

சரி, ஜாம்பிக்கு வருவோம்.

அமெரிக்காவில் ஜார்ஜ் ரொமேரோ எடுத்த ‘டான் ஆஃப் தி டெட்’ 1978-ல் இத்தாலியில் ‘சோம்பி’ என்ற பெயரில் வெளியாகி ஓடியது. உடனே ஃபுல்ச்சியைக் கூப்பிட்டு எடுக்க வைத்த படத்துக்கு ‘சோம்பி 2’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதல் பாகத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விநியோகஸ்தர் நோட்டு எழுத அந்த ‘2’ போதும். தண்ணீருக்கடியில் ஒரு பிணமும் ஒரு சுறாவும் சண்டை போடும் காட்சி இந்தப் படத்தில்தான் வருகிறது. கேட்டால் சிரிப்பு வரும், பார்த்தால் வராது.

படம் உலகம் முழுக்க ஓடியது. 1980, 1981-ல் அடுத்தடுத்து மூன்று நான்கு பேய்ப் படங்கள். ஒளிப்பதிவுக்கு செர்ஜியோ சல்வாத்தி, இசைக்கு ஃபாபியோ ஃபிரிட்சி என்று ‘சோம்பி 2’-க்கு முன்பிருந்தே கூட வந்த கூட்டாளிகள். ‘தி பியாண்ட்’ என்று ஆங்கிலத்தில் அறியப்படும் 1981 படத்தைப் பல விமர்சகர்கள் அவருடைய சிறந்த படம் என்கிறார்கள். இங்கிலாந்தில் 1980-களின் தொடக்கத்தில் வீடியோ கேசட்டுகளுக்கு எதிராகப் பெரிய கூச்சல் கிளம்பியபோது, வழக்குத் தொடரத்தக்கவை என்று அரசு வழக்குத்துறை போட்ட பட்டியலில் இவருடைய படங்களும் ஏறின. தடை செய்தால் என்ன ஆகும்? விளம்பரம் ஆகும். முத்திரை நிரந்தரமாகக் குத்தப்பட்டுவிட்டது.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவர் எடுத்ததையெல்லாம் தூக்கிப் பிடிக்க நான் வரவில்லை. 1982-ல் வந்த ‘நியூயார்க் ரிப்பர்’ பெண்களைச் சிதைப்பதையே காட்சியாக வைத்துக் காசு பார்க்கிற படம். அதற்கு இங்கிலாந்துத் தணிக்கைக் குழு சான்றிதழ் தர மறுத்ததில் எனக்கு வருத்தமில்லை. கலை, பார்வை, கையெழுத்து என்று என்ன சொன்னாலும் அந்தக் கணக்கில் அது நஷ்டம்தான். 1980-களின் பிற்பாதியில் வந்த பல படங்கள் கையில் காசில்லாமல் அவசரத்தில் செய்தவை, பார்த்தாலே தெரியும்.

ஆனால் அந்தச் சரிவு அவர் ஒருவருடைய சரிவு இல்லை. 1955-ல் இத்தாலியில் விற்ற சினிமா டிக்கெட்டுகள் 80 கோடிக்கு மேல். 1975-ல்கூட 50 கோடிக்கு மேல். 1976-ல் அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்பு உள்ளூர் தனியார் டி.வி.க்கு வழி திறந்துவிட்டது. வீட்டிலேயே நாள் முழுக்கப் படம். 1985-ல் டிக்கெட் விற்பனை சுமார் 12 கோடி. பத்து வருடத்தில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே. இப்படி ஒரு தொழில் எங்கள் கடன் பட்டியலில் இருந்திருந்தால் முழுக்க வாராக் கடன் என்று எழுதிவைத்திருப்போம். அந்த இடிபாட்டிலும் அவர் 1991 வரை படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

1990-ல் ஒரு வேடிக்கை செய்தார். ‘மூளைக்குள் ஒரு பூனை’ என்ற படத்தில் அவரே லூச்சியோ ஃபுல்ச்சி என்ற திகில் பட இயக்குநராக நடித்தார். தான் எடுத்த கோரக் காட்சிகளே துரத்த, சாப்பிடக்கூட முடியாமல் திண்டாடுகிற ஒரு கிழவர். படம் சுமார்தான். ஆனால் ‘இந்த முத்திரையோடு என்னால் வாழ முடியவில்லையே’ என்று ஒரு மனிதர் சொல்வது போல எனக்குக் கேட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தவரை அதில் ஒரு பத்துப் படங்கள் விழுங்கிவிட்டன.

1996 மார்ச்சில் காலமானார். வயது 68. தாரியோ அர்ஜெந்தோ தயாரிப்பில் அவர் எடுக்கவிருந்த ‘மெழுகு முகமூடி’யை வேறொருவர் முடித்து 1997-ல் வெளியிட்டார்கள்.

* * *

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விலாவாரியாக எழுதுகிறேன் என்றால், இந்த முத்திரை வியாபாரம் நம் வீட்டிலும் நடக்கிறது.

பி.காம். முடித்து வங்கியில் சேர்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஜார்க்கண்டில் கிராமக் கிளை, அங்கே விவசாயக் கடனும் சுய உதவிக் குழுவும். ராஜ்கோட்டில் ஏற்றுமதி பில்கள். நாக்பூரில் வாராக் கடன் வசூல். பிறகு தணிக்கை. ஒரு பதவி உயர்வு நேர்காணலில் என் எதிரே இருந்தவர் ஃபைலைப் புரட்டிவிட்டு, “எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் பண்ணியிருக்கீங்க, எதிலதான் நீங்க எக்ஸ்பர்ட்?” என்றார். அனுப்பிய இடத்துக்கெல்லாம் போனதற்கு அனுப்பியவர்களே கேட்கிற கேள்வி இது! அந்த வருடம் கிடைக்கவில்லை. அது போகட்டும்.

நான் சொல்ல நினைத்த பதில் இதுதான். ஜார்க்கண்டில் விதைக்கிற மாதமும் அறுக்கிற மாதமும் தெரிந்துகொண்டதால்தான் நாக்பூரில் ஒரு விவசாயியிடம் எப்போது வசூலுக்குப் போகக் கூடாது என்று தெரிந்தது. ஏற்றுமதி பில்களைக் கையால் தொட்டவன் என்பதால்தான் தணிக்கையில் எந்தத் தாளைக் கேட்க வேண்டும் என்று தெரிகிறது. இடம் மாறியது, சாமான் கூடவே வந்தது.

நான் பெரியவன், தாங்கிக்கொள்வேன். பிள்ளைகள்?

என் மகள் மூன்று மாநிலப் பள்ளிக்கூடங்களில் படித்தவள். ஹிந்தி, குஜராத்தி, மராத்தி மூன்றும் பேசுவாள். தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டி வாசிப்பாள். இங்கே பள்ளியில் “நேட்டிவ் எது?” என்றால் சாத்தூர் என்பாள். சாத்தூருக்குப் போனால் என் மதினி, “ஏ புள்ள, நீ பேசுறது தமிழா இந்தியா?” என்று கேட்டுச் சிரிப்பார். பாசமாகத்தான் கேட்கிறார். ஆனால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு அது எங்கே போய்த் தைக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. இங்கே மதராஸி, அங்கே ஹிந்திக்காரி. இரண்டு ஊரும் ஆளுக்கொரு முத்திரை வைத்திருக்கின்றன. இரண்டிலும் அவள் முழுசாக இல்லை.

இதைப் படிக்கிற பல வீடுகளில் இதே கதை நடந்துகொண்டிருக்கும். அதற்கு நாமே ஒரு கைவேறு கொடுக்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பு வந்ததும், “ஒண்ணு எடு, அதையே பிடிச்சுக்கோ, அங்க இங்க அலையாதே” என்கிறோம். எப்படிப்பட்ட நாம்? நாலு ஊர் அலைந்து, அந்த அலைச்சலில்தான் சோறு தின்கிற நாம்.

ஒரே துறையில் ஆழமாகப் போகிறவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. இதய அறுவை சிகிச்சைக்கு ‘எல்லாம் கொஞ்சம் தெரிந்த’ டாக்டரிடம் நானும் போக மாட்டேன். பல வேலை பார்ப்பதே ஒரு பெருமை என்றும் சொல்லவில்லை. ஓர் இடத்தில் கற்றதை அங்கேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு அடுத்த இடத்துக்குப் போகிறவரும் இருக்கிறார், அவர் அலைகிறார். எடுத்துக்கொண்டு போகிறவர் சேர்க்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒன்று போலத்தான் தெரிவார்கள். லாரியைத் திறந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அதற்குத்தான் யாருக்கும் நேரமில்லை.

மணிவண்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1982-ல் ‘கோபுரங்கள் சாய்வதில்லை’ என்று குடும்பக் கதை. 1983-ல் ‘இளமைக் காலங்கள்’ என்று காதல் கதை. 1984-ல் ‘நூறாவது நாள்’. 1994-ல் ‘அமைதிப்படை’ என்று தமிழில் வந்த அரசியல் நையாண்டிகளில் முதல் வரிசைப் படம். ஐம்பது படங்கள் இயக்கியவர். 2013-ல் அவர் மறைந்தபோது, இளைய தலைமுறையில் நிறையப் பேருக்கு அவர் நக்கலாகப் பேசும் குணச்சித்திர நடிகர் மட்டும்தான். ரோமில் நடந்த அதே அநியாயம் நம் ஊரிலும் நடந்திருக்கிறது. ‘நூறாவது நாள்’ சத்யராஜும் ‘அமைதிப்படை’ சத்யராஜும் ஒரே இயக்குநரின் கையில் பிறந்தவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். திகிலில் கிடைத்த வில்லனைப் பத்து வருடம் கழித்து அரசியலுக்குக் கொண்டுவந்தார். இதுவும் லாரியில் வந்த சாமான்தான்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளையிடம் “நீ என்னவாகப் போகிறாய்?” என்று கேட்பதோடு, “இதுவரை என்னென்ன சேர்த்து வைத்திருக்கிறாய்?” என்றும் ஒரு தடவை கேளுங்கள். மூன்று மொழி, நாலு ஊர்ச் சாப்பாடு, தெரியாத ஊரில் முதல் நாள் வகுப்பில் தனியாக உட்கார்ந்து மறுவாரம் நாலு சிநேகிதம் பிடிக்கிற சாமர்த்தியம். மார்க் ஷீட்டில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது. கட்டம் இல்லை என்பதற்காகச் சொத்து இல்லை என்று எழுதிவிட முடியாது. அதைக் கணக்கில் ஏற்ற வேண்டியது வீட்டில் இருக்கிற நாம்தான். நேர்காணல்காரர் ஏற்ற மாட்டார், மதினியும் ஏற்ற மாட்டார்.

அடுத்த தடவை கேண்டீனில் ‘100 டேஸ்’ சண்டை வந்தால் மணிவண்ணனையும் விட்டுக்கொடுக்காதீர்கள், ஃபுல்ச்சியையும் சொல்லுங்கள். சொல்லும்போது ஜாம்பி டைரக்டர் என்று ஆரம்பிக்காதீர்கள். பாட்டு எழுதினவர், ஊரையே சிரிக்க வைத்தவர், நாய்ப் படம் எடுத்தவர் என்று ஆரம்பியுங்கள். நண்பர் முழிப்பார். டீ ஆறுவதற்குள் மீதியைச் சொல்லிவிடலாம்.

டிஸ்கி: ஃபுல்ச்சியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் 1977 படத்தில் தொடங்குங்கள். 1979-க்குப் பிறகு வந்தவற்றைக் குழந்தைகள் தூங்கிய பிறகும், சாப்பிடுவதற்கு முன்பும் பார்ப்பது உத்தமம். வீட்டம்மா கேட்டால் என் பெயரைச் சொல்ல வேண்டாம்.